தவிட்டுக்கு வாங்கிய சென்டர் பார்வர்டு

1. காது

நான் விசில் ஊதிய முதல் மேட்சிலேயே ஒரு பையனின் காது கிழிந்தது.

கம்பம் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்த புதிது. இப்போது பி.டி. மாஸ்டர் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அப்போது டிரில் வாத்தியார் என்றால், கணக்கு வாத்தியார் வராத நாளில் வகுப்பைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் என்று அர்த்தம். புட்பாலை நான் டிரெயினிங்கில் புத்தகத்தில் படித்ததுதான். புத்தகப் படத்தில் இருந்த வெள்ளைக்காரப் பையன்கள் பூட்ஸ் போட்டு வரிசையாக நின்றார்கள். பொட்டலில் நின்ற என் பையன்களிடம் பூட்ஸைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. காதில் கடுக்கன், கழுத்தில் தாயத்து, கையில் வெள்ளிக்காப்பு, இடுப்பில் வெள்ளி அரைஞாண். கோல் கீப்பர் கழுத்தில் பொன் கட்டிய புலிநகம். ஓடினால் ஜல் ஜல்லென்று சத்தம் வரும். பின்னால் வருவது யார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதை ஒரு வசதி என்றுதான் நினைத்தேன்.

பந்துக்கு இரண்டு பேர் எம்பினார்கள். ஒருவனுடைய காப்பின் வாய் இன்னொருவனின் கடுக்கனில் மாட்டிக்கொண்டது. கை கீழே வந்தபோது கடுக்கனும் கூடவே வந்தது. காதுச் சோணை பிளந்து ரத்தம் தோளில் வழிய, அந்தப் பையன் அழக்கூட இல்லை. காதைப் பொத்திக்கொண்டு, "சார், இது ஃபவுலா சார்?" என்று கேட்டான்.

புத்தகத்தில் காது இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விசிலை ஊதினேன்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். திருச்சிப் பக்கத்துக்காரர். வெயில் காலத்திலும் கோட்டைக் கழட்டாத மனிதர்.

"என்ன மிஸ்டர், நீங்க நடத்துறது பந்தாட்டமா, கிடாச்சண்டையா?"

"பந்தாட்டம்தான் சார்."

"இனிமே காது, கழுத்து, கை, கால், இடுப்பு, இந்த அஞ்சு இடத்திலயும் ஒண்ணும் இருக்கக்கூடாது. இருந்தா அவன் கிரவுண்டுல இறங்கக்கூடாது. சுத்துவட்டார ஸ்கூலுக்கெல்லாம் சொல்லி அனுப்புங்க."

ஆர்டர் போடுவது அவர் வேலை. கழட்டுவது என் வேலை. பள்ளிக்கூட நிர்வாகம் என்பது இதுதான்.

முதலில் கழட்ட வேண்டியதாகப் போனது என் காதில் இருந்ததை. "சார், ஒங்க காதுலயும் செவப்புக்கல் இருக்கே சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட கடுக்கன். திருகு இறுகிப்போயிருந்தது. கம்பத்தில் ஆசாரி குறடு போட்டுத்தான் எடுத்தார். எடுத்த வாரத்திலேயே தேவாரத்திலிருந்து மாமனார் வந்து இறங்கினார். என் வெறுங்காதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாப்ள, கைமொடைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? அடகு வைக்கிற அளவுக்கா ஆகிப்போச்சு?"

புட்பால் விதியை அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டுப் போகும்போது என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆத்தா, இவரு சூதாடுறாரா?" என்று விசாரித்தார்.

2. என் மடியில் ஒரு நகைக்கடை

புதிதாக வருகிற பி.டி. மாஸ்டர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். பையன் உடம்பில் இருக்கும் நகை பையனுடையது அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்பார். காப்புக்குப் பின்னால் தாய்மாமன். தாயத்துக்குப் பின்னால் ஒரு காய்ச்சல். கடுக்கனுக்குப் பின்னால் மொட்டையடித்த கோயில். "கழட்டுடா" என்று பையனிடம் சொன்னால் இத்தனை பேரையும் எதிர்த்துச் சொன்னதாக ஆகும்.

ஒருவன் தாயத்தைக் கழட்டி வாயில் அடக்கிக்கொண்டு ஆடினான். ஹாஃப் டைமுக்கு முன்பே விழுங்கிவிட்டான். "உள்ள இருந்தா இன்னும் காவல்தான ஆத்தா" என்று அவன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். தாயத்து திரும்பக் கிடைக்கிற வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.

அரைஞாணில் மட்டும் நானாகவே இறங்கி வந்தேன். வெள்ளியைக் கழட்டு, கறுப்புக் கயிறு இருக்கட்டும் என்றேன். கயிறில்லாத இடுப்போடு நம்மூரில் ஆம்பிளை போகிற இடம் ஒன்றுதான். அங்கே புட்பால் கிடையாது.

கழட்டியதை எல்லாம் யார் வைத்துக்கொள்வது? நான்தான். துண்டில் போட்டு முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு கோட்டோரமாக ஓடுவேன். ஆடுகிறவன் உடம்பில் குண்டுமணி கிடையாது, டிரில் மாஸ்டர் மட்டும் சாமி மாடு மாதிரி குலுங்கிக்கொண்டு ஓடுவான். ஒரு நாள் குறுக்கே வந்த வெள்ளாட்டில் இடறி முடிச்சின் மேலேயே விழுந்தேன். புலிநகம் தொடையில் இறங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நகையால் காயம்பட்ட கடைசி ஆள் நான்தான். அந்த வகையில் விதி வெற்றி.

3. ஆறாவது இடம்

ஹெட்மாஸ்டர் சொன்னது ஐந்து இடம். மூக்கை அவர் சொல்லவில்லை. பையனுக்கு மூக்கில் நகை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிச்சைக்கு இருந்தது. காமயகவுண்டன்பட்டிப் பையன், என் சென்டர் பார்வர்டு. ஒல்லியாக, ஓணான் மாதிரி ஓடுவான். பந்து அவன் காலில் விழுந்துவிட்டால் மற்றவர்கள் ஆளுக்கொரு நிழல் பார்த்து உட்காரலாம். வலது மூக்கில் சின்னதாக ஒரு பொன் வளையம். யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பெயரைக் கேட்டதுமே இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

தேவாரத்துப் பள்ளிக்கூடத்தோடு பெரிய மேட்ச் பேசினோம். பேச வந்த அவர்களுடைய டிரில் மாஸ்டர் கிரவுண்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிச்சையையும் பார்த்தார்.

"சார், காதுல கழுத்துல ஒண்ணும் இருக்கப்படாதுன்னு ஒங்க ஸ்கூல்தான சொல்லி விட்டீக?"

"ஆமா."

"எங்க பயலுக அத்தன பேரும் அழுதுக்கிட்டே கழட்டுனானுக. ஒங்க பயலுக்கு மட்டும் மூக்குல தொங்குது. அன்னைக்கு அது இருந்துச்சுன்னா அவன இறக்காதீக. இறக்குனா நாங்க ஆட மாட்டோம்."

நியாயமான பேச்சு. அதனால்தான் எரிச்சலாக இருந்தது. பிச்சையைக் கூப்பிட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நான் கழட்டிருவேன் சார். எங்க அம்மாதான் செத்துப் போகும்."

"அதெப்படிச் சாவாக? நான் வந்து சொல்றேன்" என்றேன். இந்த வேலையில் நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களில் இது ஒன்று. அடுத்த நாள் இதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னேன்.

4. தவிடு

பிச்சையின் அம்மா ஒச்சம்மா வாசலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமலே கேட்டாள். கிழிந்த காதைப் பற்றிச் சொன்னேன். விதியைச் சொன்னேன். தேவாரத்துக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"ஆட்டத்துல எவன் கையாவது பட்டு வளையம் இழுத்துச்சுன்னா மூக்கு கிழிஞ்சு போகும் ஆத்தா."

"கிழிஞ்சா மூக்குதான போகும் வாத்தியாரே. கழட்டுனா ஆளே போயிருவானே."

"அதெல்லாம் போக மாட்டான்."

"ஒங்களுக்குத் தெரியுமா?" உலக்கை அவள் கையில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. "இவனுக்கு முன்னால மூணு. ஒண்ணு தவந்துச்சு. ஒண்ணு நடந்துச்சு. ஒண்ணு அம்மான்னு கூப்புட்டுச்சு. மூணையும் நான்தான் குளுப்பாட்டிக் குடுத்தேன். இவன் பொறந்ததும் குப்பமேட்டுல கொண்டு போட்டோம். எதுத்த வீட்டு அக்கா ஒரு மொறம் தவிட்டக் குடுத்து வாங்கிக்கிட்டா. பிச்சைன்னு பேரு விட்டு மூக்கக் குத்துனோம். எமன் வந்து பாத்தா, இது ஒச்சம்மா பிள்ளையில்ல, தவிட்டுக்குப் போன எதுவோன்னு திரும்பிப் போயிருவான்."

"அப்ப அந்த அக்கா பிள்ளைதான இவன்? அவகளக் கேப்போம்."

"அவ போயிச் சேந்துட்டா வாத்தியாரே. இப்ப இவனுக்குன்னு இருக்குற காவல் அந்த வளையம் ஒண்ணுதான்."

மத்தியான வெயில். கம்பத்திலிருந்து மாட்டுவண்டியில் குலுங்கி வந்திருந்தேன். மாமன், கோயில், தாயத்து என்று பார்த்துப் பார்த்து இப்போது எமன் வரைக்கும் வந்தாயிற்று. எனக்குச் சலிப்பு தாங்கவில்லை. சலிப்பு வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"அப்பச் சரி ஆத்தா, நான் வாங்கிக்கிறேன். தவிடு எம்புட்டு வேணும்?"

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். உலக்கை நின்றது. அவள் சிரிக்கவில்லை.

"மெய்யாத்தான் சொல்றீகளா?"

இல்லை என்று சொல்ல அது நேரம். நான் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியவில்லை.

"ஒங்களுக்குப் பிள்ளைக எத்தன?"

"மூணு. எல்லாம் பொட்டப் பிள்ளைக."

"எதுவும் தவறலையே?"

"இல்ல ஆத்தா."

"பிள்ளை தங்குற வீடுதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "ஒங்க வீட்டுத் தவிடா இருக்கணும். கடையில வாங்குனது ஆகாது. ஆட்டத்தன்னைக்குக் காலையில கொண்டாங்க. அந்தி வரைக்கும் அவன் ஒங்க பிள்ளை. எமன் என்னையத் தேடி வந்தா எனக்குப் பிள்ளையே இல்லைன்னு சொல்லிருவேன்."

"ஒங்கள விட்டுட்டு எங்கிட்ட வந்தா?"

"அத நீங்க பாத்துக்கிருங்க."

மேட்ச் அன்று காலை முறத்தில் தவிட்டை அள்ளினேன். மனைவி மறித்தாள்.

"மாட்டுக்கு வச்சதத் தூக்கிக்கிட்டு எங்கன போறீக?"

"பிள்ளை வாங்க."

"ஏன், இருக்குற மூணு பத்தாதா?"

ஒச்சம்மா தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டு பிச்சையின் மூக்கிலிருந்து வளையத்தைத் தன் கையால் கழட்டினாள். அவன் தோளைப் பிடித்து என் பக்கம் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

5. மூக்கால் விழுந்த கோல்

விசிலைப் பொது ஆளாக ஒரு சர்வேயரிடம் கொடுத்திருந்தோம். தேவாரத்து டிரில் மாஸ்டர் பிச்சையின் மூக்கைக் கிட்டத்தில் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

முதல் பாதியில் பிச்சை ஆடவேயில்லை. பந்து வந்தால் விலகிக்கொண்டான். நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கைத் தடவினான். நானும் லட்சணமாக இல்லை. அவன் பக்கத்தில் எவன் ஓடி வந்தாலும் நான் கோட்டைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைத்தேன். சொந்தப் பெண்கள் கிணற்றடியில் விளையாடும்போதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஒரு முறம் தவிடு இவ்வளவு வேலை செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஹாஃப் டைமில் பிடித்து உலுக்கினேன். "ஏலே, என்னடா ஆச்சு ஒனக்கு?"

"மூக்குக்குள்ள காத்து போகுது சார். ஒரு மாதிரியா இருக்கு."

கிரவுண்டோரத்தில் புளியமரத்துக்குப் பின்னால் ஒச்சம்மா நின்றிருந்தாள். அவள் வந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல உரக்கச் சொன்னாள். "வாத்தியார் வீட்டுப் பிள்ளையெல்லாம் இப்படித்தான் பயந்து சாகும் போல."

அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். எனக்கும் தைத்தது.

இரண்டாம் பாதியில் பழைய பிச்சை வந்துவிட்டான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். கோல் வாசலில் கூட்டம். தேவாரத்துப் பையன் ஒருவன் பந்தை வெளியே அடிக்க ஓங்கி ஒரு உதை விட்டான். அது நேராகப் பிச்சையின் மூக்கில் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் போனது. சர்வேயர் கொஞ்சம் யோசித்துவிட்டு விசில் ஊதினார். எங்கள் பையன்கள் குதித்தார்கள். பிச்சை மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் ரத்தம்.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் ஒச்சம்மா வந்துவிட்டாள். ஆனால் அவனைத் தொடவில்லை. நான் அவன் தலையை நிமிர்த்தித் துண்டால் அழுத்தும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ரத்தம் நின்றது. என் வாயும் திறந்தது.

"பாத்தீகளா ஆத்தா, வளையம் இருந்திருந்தா இந்நேரம் மூக்கு ரெண்டாப் போயிருக்கும்."

"வளையம் இருந்திருந்தா பந்து அங்கன வந்தே இருக்காது."

இதில் நியாயம் இருக்கிறதா என்று தேவாரத்து டிரில் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது என்றார். தோற்றவர் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒச்சம்மாவுக்கு என்மேல் கோபம் இல்லை. பொழுது சாயும்போது அவள் வீட்டுத் தவிட்டை முறத்தில் கொண்டுவந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வந்த கண்டம் ஒங்க பேருக்கு வந்து ரத்தத்தோட போயிருச்சு. நல்ல கைதான் ஒங்களுக்கு" என்றாள். மனைவி தவிட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, நம்முடையதைவிட நைசு என்றாள்.

6. பல பிள்ளைக்காரன்

நல்ல கை என்ற பேச்சு பரவிவிட்டது. அடுத்த மேட்ச் காலையில் ஸ்கூல் வாசலில் ஐந்தாறு அம்மாமார் நின்றார்கள். தாயத்துக்காரன் அம்மா, புலிநகத்துக்காரன் அம்மா, மாமன் காப்பைக் கழட்டப் பயந்தவன் அம்மா.

"எம் பிள்ளையவும் வாங்கிக்குங்க வாத்தியாரே."

"இவனுக்கெதுக்கு ஆத்தா? இவன் மூத்த பிள்ளையாச்சே."

"இருக்கட்டும். அந்தி வரைக்கும்தான."

விதியைச் சொல்லி, கெஞ்சி, மிரட்டி நடக்காத காரியம் தவிட்டில் நடந்தது. அவர்களாகவே கழட்டிக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு மேட்ச் அன்றும் என் மாடு பட்டினி. ஹெட்மாஸ்டர் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"என்ன மிஸ்டர், மாட்டுத் தரகு பண்றீங்களா?"

"ரூலை அமல்படுத்துறேன் சார்."

"யாருக்காவது அடிபட்டா ரெஸ்பான்சிபிலிட்டி யாரோடது?"

"அந்தி வரைக்கும் என்னோடது சார். அப்பன் நான்தான்."

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

7. பட்டாளம்

சண்டை வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்த பிச்சை, யாரிடமும் சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். எடுத்தவர்கள் அவன் நெஞ்சை அளந்துவிட்டு, மூக்கில் இருப்பதைக் கழட்டிவிட்டு வரச் சொன்னார்களாம். அவர்களுக்கு என்னைப் போல வண்டி கட்டிக்கொண்டு போய்க் கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

அவன் கிளம்புகிற அன்று ஒச்சம்மா அவனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. என் வாயிலும் வேடிக்கை எதுவும் வரவில்லை. மனைவிதான் உள்ளே போய்த் தவிட்டைக் கும்பாரமாக அள்ளி வந்தாள். இந்த முறை அந்தி வரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒச்சம்மா மடியில் வாங்கிக்கொண்டு, வளையத்தைக் கழட்டி முந்தியில் முடிந்துகொண்டு, அவனைப் பார்க்காமலே தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி கிடையாது. அவன் இருக்கிற இடம் பர்மாப் பக்கம் என்றார்கள். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். ஒச்சம்மா நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். கூட இருந்த பெண்களோடு ஏதோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிச்சை கடுதாசி எதுவும் போட்டானா ஆத்தா?"

"எங்கிட்டக் கேட்டா? ஒங்க பிள்ளை, ஒங்களுக்குத்தான் தெரியணும்."

"ஒங்களுக்குக் கவலையா இல்லையா?"

"எனக்குப் பிள்ளையே இல்லையே வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்று முடியை எடுத்தாள்.

வரப்பில் நின்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெற்றவள் நடவு நடுகிறாள். டிரில் மாஸ்டர் வெயிலில் நின்று சாகிறான். திரும்பி வருகிற வழியில்தான் எனக்குப் புரிந்தது. டிரெயினிங்கில் யாரும் எனக்குச் சொல்லித் தராத பாடம் அது. நகையைக் கழட்டச் சொல்வது சுலபம். கழட்டினால் அதில் இருந்த பயம் வெளியே வரும். அதை யாராவது ஒருத்தர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கழட்டச் சொன்னவன்தான் வாங்க வேண்டும், வேறு ஆள் கிடையாது. பி.டி. மாஸ்டர்கள் விசில் வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

சண்டை முடிந்தும் ரொம்ப நாள் தகவல் இல்லை. ஒரு நாள் காலையில் மீசையும் மூட்டையுமாக என் வாசலில் ஒருவன் வந்து நின்று, விறைப்பாக சல்யூட் அடித்தான். மூக்கில் தூர்ந்துபோன துளையைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். கை, கால், காது எல்லாம் இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன்.

நான் சொல்லி அனுப்பும் முன்பே தகவல் அவள் ஊருக்குப் போயிருக்கிறது. மதியத்துக்குள் ஒச்சம்மா வந்துவிட்டாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இடுப்பில் முறம். பக்கத்தில் நிற்கிற மகனை அவள் பார்க்கவில்லை. பார்வை முழுக்க என் மேலேயே இருந்தது. முறத்தை நீட்டினாள். நீட்டிய வேகத்தில் தவிடு தரையில் சிந்தியது.

"இந்தாங்க வாத்தியாரே, வாங்கிக்குங்க. இனிமே நான் பயந்துக்கிறேன்."